பாயிலிருந்து எழும்ப ஒரு புள்ளி

கொடிகாமத்தில் ஒரு வீட்டில் எட்டுச் செலவு நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விறாந்தையில் பாய் விரித்திருக்கிறது. சொந்தக்காரர் எல்லாரும் நிலத்தில் இருந்து, வாழையிலைக்கு முன்னால் குனிந்து சாப்பிடுகிறார்கள். இறந்தவரின் தம்பி மட்டும் படலைக்குப் பக்கத்தில், மாமரத்தடியில், சக்கர நாற்காலியில் இருக்கிறார். இரண்டு வருடத்துக்கு முன் தென்னையால் விழுந்தவர். பாயில் இருக்க அவருக்கு விருப்பம்தான். ஆனால் இறங்கினால் தானாக ஏற முடியாது. இரண்டு பேர் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்க வேண்டும். அத்தனை பேருக்கு முன்னால் தூக்குவித்துக்கொள்ள மனமில்லாமல் மாமரத்தடியிலேயே சாப்பாட்டை வாங்கிக்கொள்கிறார்.

முள்ளந்தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்கள் அன்றாட வேலைகளை எவ்வளவு தூரம் தாங்களே செய்கிறார்கள் என்று பார்க்க, பல நாடுகளின் புனர்வாழ்வு வைத்தியசாலைகள் பாவிக்கும் அளவுகோல் ஒன்று உண்டு. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து அதை ஸ்கிம் என்பார்கள். முழுப் புள்ளி 100. நிலத்திலிருந்து சக்கர நாற்காலிக்கு ஒருவரின் உதவியும் இல்லாமல் ஏறினால் அதில் கிடைப்பது 1 புள்ளி. ஏற முடியாவிட்டால் 0. இந்த ஒரு புள்ளி கொடிகாமத்தில் எவ்வளவு பெறும் என்பதுதான் எனக்கு நெடுநாளாக உள்ள கேள்வி.

கொடிகாமம் இருக்கும் தென்மராட்சி, தென்னைக்கும் பனைக்கும் பலாவுக்கும் மாவுக்கும் பேர்போன மண். அந்தச் செல்வம் எல்லாம் உயரத்தில் இருக்கிறது, ஏறித்தான் இறக்க வேண்டும். தளைநார் போட்டுப் பனையேறிப் பாளை சீவுகிறவரும் சரி, பலாக்காய் பிடுங்கக் கொப்பில் நிற்கிற வீட்டுக்காரரும் சரி, கை தவறினால் கீழே மண்தான். உயரத்திலிருந்து விழுபவர் பெரும்பாலும் காலிலோ குண்டியிலோ விழுகிறார். அந்த அதிர்ச்சி முள்ளந்தண்டு வழியே மேலே ஏறுகிறது. நெஞ்சுப் பகுதி முள்ளென்புகள் விலா என்புகளோடு பிணைந்து இறுகி நிற்பவை, நாரிப் பகுதி வளைந்து கொடுப்பது. இறுகியதும் வளைவதும் சந்திக்கிற இடத்தில், அதாவது 12ஆவது நெஞ்சு முள்ளென்பும் முதலாவது நாரி முள்ளென்பும் கூடும் இடத்தில்தான் அடிக்கடி உடைகிறது. உள்ளே ஓடும் முண்ணாண், அதாவது முள்ளந்தண்டுவடம், ஒரு சுண்டுவிரல் பருமன்தான், நீளம் ஏறக்குறைய 45 சென்ரிமீற்றர். உடைந்த என்பு அதை நசித்தால், நசிந்த இடத்துக்குக் கீழே மூளையின் கட்டளை போகாது. கீழேயிருந்து உணர்வும் மேலே வராது.

எங்கள் பக்கத்தில் மரம் மட்டும் காரணமில்லை. 2000ஆம் ஆண்டு தென்மராட்சியில் நடந்த சண்டை, 2009இல் வன்னியில் முடிந்த யுத்தம், ஷெல் சிதறல், துவக்குச் சூடு, இப்போது ஏ9 வீதியில் மோட்டார் சைக்கிள். இப்படிப் பாதிக்கப்பட்டவர்கள் தாங்களே சேர்ந்து இயங்கும் 'உயிரிழை' என்ற அமைப்பு மாங்குளத்தில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் 1987 முதல் ஜெய்ப்பூர் நிறுவனம் செயற்கைக் காலும் சக்கர நாற்காலியும் கொடுத்து வருகிறது. தெற்கே ராகமையில் புனர்வாழ்வுக்கென்றே ஒரு பெரிய வைத்தியசாலை உண்டு. இந்த இடங்களில் எல்லாம் நோயாளியும் வீட்டாரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "முன்னேற்றம் இருக்கோ?"

அதற்கு இரண்டு விதமாகப் பதில் சொல்லலாம். முதலாவது, நரம்பைக் கேட்பது.

அமெரிக்க முள்ளந்தண்டுக் காயச் சங்கம் 1982இல் முதல் முறை வெளியிட்டுப் பின்னர் பல தடவை திருத்திய பரிசோதனை இதற்குப் பாவனையில் இருக்கிறது. நோயாளி மல்லாந்து படுக்கிறார். வைத்தியர் உடலின் ஒவ்வொரு பக்கத்திலும் 28 இடங்களைப் பஞ்சால் தொட்டும் ஊசிமுனையால் குத்தியும் கேட்கிறார்: "தெரியுதா? கூரா, மொட்டையா?" பிறகு தசைகள். கையில் ஐந்து, காலில் ஐந்து, பக்கத்துக்குப் பத்து. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை புள்ளி. முழங்காலை நீட்டச் சொல்லித் தொடையில் கை வைத்துப் பார்க்கிறார். ஒன்றுமே இல்லையென்றால் 0. கால் அசையாவிட்டாலும் தோலுக்குக் கீழே தசை ஒரு துடிப்புத் துடித்தால் 1. நிறையைத் தாங்காதபடி காலைப் பக்கவாட்டில் படுக்க வைத்தால் நீட்டுகிறார் என்றால் 2. புவியீர்ப்பை எதிர்த்து மேலே நீட்டினால் 3. வைத்தியர் அழுத்தும்போதும் ஓரளவு தாங்கினால் 4, முழுதாகத் தாங்கினால் 5. கைகளுக்கு 50, கால்களுக்கு 50, மொத்தம் 100.

நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நாரிக்கும் உரிய தசைகள் இந்தப் பத்தில் ஒன்றுகூட இல்லை. அவற்றைத் தனித்தனியே சோதிப்பது கடினம் என்பதால் விட்டிருக்கிறார்கள். ஆனால் கட்டிலின் ஓரத்தில் சாயாமல் இருப்பது, சேட்டைத் தலைக்கு மேலால் கழற்றுவது, குனிந்து செருப்பை எடுப்பது எல்லாம் அந்தத் தசைகளின் வேலை. நெஞ்சின் மேற்பகுதியில் அடிபட்டவருக்கும் நாரிக்குச் சற்று மேலே அடிபட்டவருக்கும் தசைப் புள்ளி ஒரே 50தான். முதலாமவர் கட்டிலில் நிமிர்ந்திருக்கவே கையை ஊன்ற வேண்டும், இரண்டாமவர் இரு கையாலும் தேங்காய் உரிப்பார்.

எங்கள் மாமரத்தடி மனிதருக்கு அடிபட்ட அன்று தசைப் புள்ளி 50. ஆறு மாதத்துக்குப் பிறகும் 50. நரம்பைக் கேட்டால் முன்னேற்றம் இல்லை என்றே சொல்லும்.

இந்த இடத்தில் வேலூரை நினைக்காமல் இருக்க என்னால் முடியாது. மேரி வர்கீஸ் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி வைத்தியசாலையின் இளம் வைத்தியர். 1954இல் நடந்த வாகன விபத்தில் முண்ணாண் அறுந்து கால்கள் செயலிழந்தன. அதன் பிறகு அவருடைய கால்களுக்கு ஒரு நாளும் ஒரு புள்ளிகூடக் கூடவில்லை. ஆனால் சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளரின் கைகளில் சத்திரசிகிச்சை செய்யப் பழகினார். நியூயோர்க் போய்ப் புனர்வாழ்வு மருத்துவம் படித்துவிட்டுத் திரும்பி வந்து அந்தத் துறையை வேலூரில் நடத்தினார். 1966இல் பாகாயத்தில் திறந்த புனர்வாழ்வு நிலையத்துக்குப் பின்னால் இருந்த கை அவருடையது. அவர் வாழ்வில் ஏற்பட்ட மாற்றம் எந்தத் தசைப் புள்ளியிலும் வராது. அதை அளக்க வேறு கோல் வேண்டும்.

அந்த இரண்டாவது கோல் செயலைக் கேட்கிறது. இந்த வகையில் பழையவற்றுள் ஒன்று 1965இல் வந்த பார்த்தல் சுட்டி. ஆனால் அது பக்கவாதம் உட்பட எல்லா நோய்க்கும் பொதுவானது. முண்ணாண் காயத்துக்கென்றே அமிராம் காட்ஸ் என்ற வைத்தியர் இஸ்ரேலில் தன் குழுவினரோடு உருவாக்கி 1997இல் வெளியிட்டதுதான் ஸ்கிம். இன்று பாவனையில் இருக்கும் மூன்றாவது வடிவத்தில் 19 வேலைகள் இருக்கின்றன. சாப்பாடு, குளிப்பு, உடுப்பு போன்றவற்றுக்கு 20 புள்ளி. மூச்சு, சிறுநீர், மலம், மலசலகூடம் நான்குக்கும் 40. கட்டிலில் புரள்வது முதல் படியேறுவது வரை நடமாட்டத்துக்கு 40.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, சிறுநீருக்கு மட்டும் 15 புள்ளி ஒதுக்கியிருப்பது. வெளியாட்களுக்கு வியப்பாக இருக்கலாம், இந்த வாழ்க்கை வாழ்கிறவர்களுக்கு இராது. வைத்தியசாலையில் போட்ட கதீற்றரும் பையும் நிரந்தரமாகத் தொங்கினால் 0. நாலு மணிக்கொரு தடவையோ ஆறு மணிக்கொரு தடவையோ தானே சுத்தமான மெல்லிய குழாயைச் செலுத்திச் சிறுநீரை வடித்து, இடையில் நனையாமல் இருக்கப் பழகிவிட்டால் 11. நரம்பில் ஒரு மாற்றமும் இல்லை. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவவும், கண்ணாடியைச் சரியான இடத்தில் வைக்கவும், மணிக்கூட்டைப் பார்க்கவும் பழகியதற்கு 11 புள்ளி. இந்தப் 11 ஒருவருக்கு என்ன தருகிறது? யாழ்ப்பாணத்துக்கு பஸ்ஸில் போகலாம். கோயில் திருவிழாவில் நிற்கலாம். சாறத்துக்குக் கீழே பையை மறைக்க வேண்டியதில்லை. சிறுநீரில் கிருமி பெருகிச் சிறுநீரகம் வரை போகும் ஆபத்தும் குறைகிறது. ஒரு காலத்தில் இந்தக் காயத்திலிருந்து பிழைத்தவர்களைப் பிறகு கொன்றவை பெரும்பாலும் சிறுநீரகமும் படுக்கைப் புண்ணும்தான்.

இப்போது ஒரு கணக்கு. கால் இரண்டும் முற்றாகச் செயலிழந்த ஒருவர் எல்லாவற்றையும் திறமாகப் பழகிவிட்டார், யாருடைய உதவியும் தேவையில்லை. அவருக்கு எவ்வளவு கிடைக்கும்? வீட்டுக்குள் நடமாட்டத்துக்கு முழுப் புள்ளி 8. சக்கர நாற்காலியைத் தானே தள்ளிப் போகிறவருக்கு 2. கொஞ்சத் தூரம் போக 8இல் 2. வெளியே நூறு மீற்றருக்கு மேல் போக 8இல் 2. படி ஏறுவதற்கு 0. எல்லாம் கூட்டினால் எழுபதை ஒட்டி நிற்கும். அதற்கு மேல் ஏறுவதற்குக் கால் நடக்க வேண்டும். ஆகவே இவருக்கு 70 என்பது நிறைந்த குடம். இதை அறியாதவர் 70ஐப் பார்த்து "இன்னும் முப்பது குறையுது" என்று சொன்னால், அந்த மனிதரின் ஆறு மாத உழைப்பை ஒரு சொல்லில் தட்டிவிடுகிறார்.

நூறு மீற்றரும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. ஏ9 தாரில் சக்கர நாற்காலி வழுக்கிக்கொண்டு போகும். அதிலிருந்து இறங்கி மணல் ஒழுங்கைக்குள் திருப்பினால் முன்னால் உள்ள சின்னச் சில்லுகள் புதையும். பின்னால் சாய்ந்து முன்சில்லைத் தூக்கிக்கொண்டு, பெரிய சில்லிரண்டில் மட்டும் நின்று தள்ளத் தெரிந்தால்தான் வீடு வரும். மருத்துவ விடுதியின் சீமெந்துத் தரையில் 2 வாங்கியவர் வீட்டு ஒழுங்கையில் 0 ஆகலாம். எங்கே அளந்தார்கள் என்பதையும் புள்ளிக்குப் பக்கத்தில் எழுதிவைக்க வேண்டும் என்பது என் கருத்து.

சரி, புள்ளி கூடுகிறது. எவ்வளவு கூடினால் அதை முன்னேற்றம் என்று சொல்லலாம்?

சந்தைத் தராசை நினைத்துப் பாருங்கள். ஒரே பலாப்பழத்தை ஐந்து தரம் வைத்தால் ஐந்து தரமும் ஒரு ஐம்பது கிராம் அப்படி இப்படி ஆடுகிற தராசு என்றால், முப்பது கிராம் கூடிவிட்டது என்று யாரும் சண்டைக்குப் போக முடியாது. அளவுகோலுக்கும் அந்த ஆட்டம் உண்டு. காலையில் ஒரு இயன்மருத்துவர், மாலையில் இன்னொருவர். நேற்று நித்திரை இல்லாத நோயாளி, இன்று தேறியவர். முதலில் அந்த ஆட்டத்தைத் தாண்ட வேண்டும். தாண்டினாலும் போதாது. உண்மையாகவே கூடிய முப்பது கிராம் சமைக்கிறவருக்கு ஒரு பொருட்டாக இருக்க வேண்டுமே. கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 1989இல் இதற்கு ஒரு பெயர் வைத்தார்கள். நோயாளி தனக்கு நன்மை என்று உணரக்கூடிய மிகச் சிறிய வித்தியாசம் எதுவோ, அதுவே பொருட்படுத்தத்தக்க மாற்றத்தின் எல்லை என்றார்கள். எளிமையான சொல்தான், ஆனால் அதுவரை வைத்தியரின் கையில் இருந்த தீர்ப்பை நோயாளியின் கையில் கொடுத்துவிட்டது.

ஸ்கிம் கோலுக்கு இத்தாலிய ஆய்வாளர்கள் 2013இல் இந்த எல்லையைத் தேடினார்கள். மொத்தத்தில் 4 புள்ளியாவது கூடினால்தான் சிறிய முன்னேற்றம், 10 கூடினால் கணிசமான முன்னேற்றம் என்று கண்டார்கள். நல்ல வழிகாட்டி. ஆனால் இந்தப் புள்ளிகள் கிலோவைப் போல ஒரே சீரான படிகள் அல்ல. 20இலிருந்து 30க்குப் போவதும் 60இலிருந்து 70க்குப் போவதும் ஒரே தூரம் என்று கொள்ள முடியாது. இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன மனிதர் பாயிலிருந்து ஏறக் கற்றுக்கொண்டால் அவருக்குக் கூடுவது 1, அது 4க்குக் கீழே. கணக்கின்படி அவர் முன்னேறவில்லை.

முன்னேற்றம் எதனால் வந்தது என்ற கேள்வியும் உண்டு. அடிபட்ட முதல் சில மாதங்களில் முண்ணாணின் வீக்கம் வடிந்து, தப்பியிருந்த நரம்பிழைகள் மெல்ல விழித்துக்கொள்ளும். முழுதாக அறுபடாதவர்களுக்கு இந்த இயற்கை மீட்சி நிறைய இருக்கும். 1990களில் வட அமெரிக்காவின் 28 மையங்களில் 760 பேரிடம் சைஜன் என்ற மருந்தைச் சோதித்தார்கள். மருந்து பெற்றவர்கள் நன்றாகவே தேறினார்கள். ஆனால் வெறும் ஊசி பெற்றவர்களும் தேறினார்கள். 26ஆவது கிழமையில் இரு சாராருக்கும் நிறுவத்தக்க வித்தியாசம் இருக்கவில்லை. ஒப்பிட ஒரு குழு இல்லாமல் இருந்திருந்தால் அந்த மருந்து இன்று ஊர் ஊராக விற்கப்பட்டிருக்கும். எண்ணெய், ஒத்தடம், தண்டுக்கலம் என்று விளம்பரம் செய்து காணியை ஈடு வைக்கச் செய்கிறவர்கள் இந்த இயற்கை மீட்சியைத்தான் தங்கள் கணக்கில் எழுதிக்கொள்கிறார்கள். முதல் மாதங்களில் யார் என்ன செய்தாலும் "அசைவு வந்திட்டுது" என்று சொல்ல ஏதாவது இருக்கும்.

அசைவைப் பற்றி இன்னும் ஒன்று. காலின் பெருவிரல் 0இலிருந்து 2க்கு வந்தால் தசைப் புள்ளியில் 2 கூடும். வீடே சந்தோஷப்படும். அந்த விரலால் அவர் செய்யக்கூடிய வேலை என்று ஒன்றும் இல்லை. ஆனால் கீழே வரை ஏதோ ஒரு நரம்பிழை உயிரோடு இருக்கிறது என்பதற்கு அது சாட்சி, நாளைக்கு என்ன வரலாம் என்று வைத்தியருக்குச் சொல்லும் குறி. அந்த அளவில் அது பெறுமதியானது. இப்போது கழுத்தில் அடிபட்டவரின் மணிக்கட்டைப் பாருங்கள். புறங்கையை மேலே தூக்கும் தசை 2இலிருந்து 3க்கு வருகிறது, கூடியது 1தான். இதுவரை மேசையில் வைத்து இழுத்த கையை இப்போது புவியீர்ப்பை எதிர்த்துத் தூக்குகிறார். மணிக்கட்டு மேலே வளையும்போது, செயலற்ற விரல்கள் தம் நாண்கள் இழுபட்டுத் தாமாகவே உள்ளே மடிகின்றன. பெருவிரல் சுட்டுவிரலில் வந்து முட்டுகிறது. உங்கள் கையைத் தளர்த்திவிட்டு மணிக்கட்டை மேலும் கீழும் அசைத்தால் உங்களுக்கும் இது தெரியும். நரம்பில்லாத விரல்களுக்கு இப்படி ஒரு பிடி கிடைக்கிறது. இந்தப் பிடி தளர்ந்துவிடாதிருக்க விரல்களை முழுதாக விரித்து நீட்ட வேண்டாம் என்று சிகிச்சையாளர் வீட்டாருக்குச் சொல்லி அனுப்புவார். புட்டை எடுத்து வாயில் வைக்கலாம். தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்கலாம். மற்றவர் ஊட்டிச் சாப்பிட்டவர் தன் கையால் சாப்பிடுகிறார். பெருவிரலின் 2 புள்ளியையும் மணிக்கட்டின் 1 புள்ளியையும் கூட்டி 3 என்று எழுதும் தாளில் இது தெரியாது.

கிம் அண்டர்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர், தானும் முண்ணாண் காயம் பட்டவர், இந்தக் காயம் பட்ட 681 பேரிடம் கேட்டு 2004இல் முடிவை வெளியிட்டார். எது திரும்பி வந்தால் உங்கள் வாழ்க்கை அதிகம் சீர்படும் என்பது கேள்வி. நடப்பது முதலிடத்தில் வரும் என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். கை கால் நான்கும் பாதிக்கப்பட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் கேட்டது கையை. கால் மட்டும் பாதிக்கப்பட்டவர்கள் முதலில் குறிப்பிட்டது தாம்பத்திய உறவை. எங்கள் கிளினிக்குகளில் மனைவியும் தாயும் மூன்று நோயாளிகளும் பக்கத்தில் நிற்கும்போது இந்தப் பேச்சு எழும்பவே எழும்பாது. ஸ்கிம் கோலிலும் அதற்கு இடமில்லை. கேட்கப்படாதது அளக்கப்படாது, அளக்கப்படாததற்குச் சிகிச்சையும் கிடையாது. ஒரு தனி அறையும் கதவும் இருந்தாலே இதில் பாதி தீரும்.

நோயாளியையே கேட்கிற கோல்களும் இருக்கின்றன. 1991இல் கனடாவின் தொழில்வழிச் சிகிச்சையாளர்கள் வெளியிட்ட ஒன்றில் முன்கூட்டி எழுதிய கேள்விகளே இல்லை. "நீங்கள் செய்ய விரும்பியும் செய்ய முடியாமல் இருப்பது என்ன?" என்று கேட்டு, அவர் சொல்வதில் முக்கியமான ஐந்தைத் தெரிவு செய்கிறார்கள். ஒவ்வொன்றையும் இப்போது எப்படிச் செய்கிறார், அதில் எவ்வளவு திருப்தி என்று அவரே பத்துக்குப் புள்ளி போடுகிறார். சில மாதம் கழித்து மறுபடி. 2 புள்ளி கூடினால் பொருட்படுத்தத்தக்க மாற்றம் என்று கொள்கிறார்கள். கொடிகாமத்தில் இந்தத் தாளில் என்ன வரும்? கிணத்தடியில் வாளியால் குளிக்க. சந்தையில் தேங்காய்க் குவியலுக்குப் பக்கத்தில் இருந்து விலை பேச. மகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போக. பாயில் இருந்து சாப்பிட்டு எழும்ப.

வைத்தியசாலையில் இருந்து வீட்டுக்கு வந்த பிறகு புள்ளி குறைவதும் உண்டு. அங்கே சேட்டைத் தானே போட்டார், இங்கே அம்மா போட்டுவிடுகிறா. அங்கே தானே குளித்தார், இங்கே தம்பி தூக்கிக்கொண்டு போய் வார்க்கிறான். உடம்பு பின்வாங்கவில்லை. எங்கள் வீடுகளில் பாசம் கையால்தான் வெளிப்படுகிறது, அரை மணித்தியாலம் பொத்தானோடு போராடும் மகனைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க ஒரு தாயால் முடியாது. ஆகவே "செய்ய முடியுமா" என்று ஒரு தரமும், "செய்கிறாரா" என்று இன்னொரு தரமும் கேட்க வேண்டும். இரண்டு பதிலுக்கும் இடையில் உள்ள தூரத்தைக் குறைக்க வீட்டாரோடு கதைப்பதும் சிகிச்சையின் பகுதிதான். பதினைந்து நிமிடம் பொறுங்கள் அம்மா என்று சொல்ல ஒருவர் வீட்டுப் படலை வரை வரவேண்டும்.

நிலத்திலிருந்து நாற்காலிக்கு ஏறுவதை எப்படிப் பழக்குகிறார்கள் என்று சொல்கிறேன். ஒரே நாளில் வராது. முதலில் ஒரு தடித்த மெத்தைத் துண்டில் இருந்து நிலத்துக்கும், நிலத்தில் இருந்து மெத்தைத் துண்டுக்கும். கை பலப்பட்ட பிறகு ஒரு சின்ன வாங்கு, பிறகு இன்னும் உயரம். கடைசியில் ஏறக்குறைய ஐம்பது சென்ரிமீற்றர் உயரத்தில் நாற்காலியின் இருக்கை. பிறேக் இரண்டும் போட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முன்சில்லுகள் முன்னோக்கித் திரும்பியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் நாற்காலி கவிழும். நாற்காலிக்குப் பக்கமாக இருந்து முழங்கால்களைக் கையால் மடித்து நிறுத்துகிறார். ஒரு கை இருக்கையின் முன் ஓரத்தில், மற்றக் கை முட்டி பிடித்து நிலத்தில். இனித்தான் சூட்சுமம். மேலே போக வேண்டியவர் தலையைக் கீழே, நாற்காலிக்கு எதிர்ப்பக்கமாக வேகமாகக் குனிக்கிறார். துலா மாதிரி, தலை தாழ இடுப்பு எழும்புகிறது. அந்தக் கணத்தில் இரு கையாலும் ஊன்றி இடுப்பை இருக்கையில் கொண்டுபோய் வைக்கிறார். உராயக்கூடாது, உணர்வில்லாத தோல் கிழிந்தால் அவருக்குத் தெரியாது, அது மாதக் கணக்கில் ஆறாத புண்ணாகும். முதல் நாட்களில் பாதியில் விழுவார். தோள் நோகும். மறுபடி.

எத்தனையோ கிழமைக்குப் பிறகு ஒரு நாள் இடுப்பு சரியாகப் போய் இருக்கிறது. அவர் மூச்சு வாங்கி, கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பாதத்தட்டில் வைத்து, சாறத்தைச் சரிசெய்கிறார். எதிரே நின்ற இயன்மருத்துவர் தாளின் கடைசி வரிக்குப் போய் 0ஐ வெட்டிவிட்டு 1 என்று எழுதுகிறார்.

"சேர், ஆட்டத் திவசம் வருது," என்கிறார் அவர். "அதுக்குப் பாயிலை இருப்பன்."